கிளிப் போடுவதற்கு முன் நாக்கைப் பழக்குதல்: கேள்வி பதில்

பல் வரிசையைச் சீராக்கக் கிளிப் போட வேண்டும் என்று வருபவர்களில் சிலரிடம், "முதலில் நாக்குத் தள்ளும் பழக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்" என்று சொல்லி அனுப்புகிறோம். அப்படிச் சொல்லப்பட்ட பெற்றோரும் பெரியவர்களும் கேட்டிருந்த கேள்விகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (9 வயது மகளின் தாய், திருச்சி): என் மகள் பின்பற்களைக் கடித்தாலும் முன்பற்கள் மேலும் கீழும் சேர்வதில்லை, நடுவே இடைவெளி தெரிகிறது. நாக்கால் தள்ளுகிறாள் என்று மருத்துவர் சொல்கிறார். கிளிப் போட்டால் இடைவெளி மூடிவிடாதா? ஏன் காத்திருக்கச் சொல்கிறார்?

பதில்: கிளிப் போட்டால் இடைவெளி மூடும். மூடிய இடைவெளி மூடியபடியே நிற்குமா என்பதுதான் உங்கள் மருத்துவரின் கவலை, அது நியாயமான கவலை.

பல் முளைக்காத குழந்தை பால் குடிக்கும்போது, நாக்கை மேல் ஈறுக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே நீட்டி, உதடுகளை இறுக்கி விழுங்குகிறது. பற்கள் முளைத்து, கெட்டியான உணவை மெல்லத் தொடங்கிய பின் இந்த முறை மெல்ல மாறுகிறது: பின்பற்கள் லேசாகச் சேர, நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள அண்ணத்தைத் தொட, உதடுகள் அசையாமல் விழுங்குகிறோம். இந்த மாற்றம் முழுமையாக நிகழாமல் குழந்தைப் பருவத்து முறையே தொடர்வதைத்தான் நாக்குத் தள்ளும் பழக்கம் என்கிறோம்.

இதில் பலரும், சில மருத்துவர்களும்கூட, கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. நாம் ஒரு நாளில் விழுங்குவது ஏறக்குறைய 1000 முறைக்கும் குறைவு; ஒவ்வொரு முறையும் பல்மீது நாக்கு அழுத்துவது ஒரு விநாடி அளவே. எல்லாவற்றையும் கூட்டினாலும் சில நிமிடங்கள்தான். பல்லை நகர்த்துவதற்கு மென்மையான விசையானாலும் அது பல மணி நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும். வில்லியம் புரோஃபிட் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு அறிஞர் 1978-இல் இந்தக் கணக்கை முன்வைத்து, விழுங்கும்போது நாக்கு தரும் அழுத்தத்தைவிட, சும்மா இருக்கும் வேளையில் நாக்கு எங்கே தங்கியிருக்கிறது என்பதே பல்லின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்று விளக்கினார். படிக்கும்போதும் தூங்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் உங்கள் மகளின் நாக்கு பற்களுக்கு நடுவே தங்கியிருந்தால், முளைத்து இறங்க வேண்டிய முன்பற்கள் அங்கேயே தடுக்கப்படுகின்றன. கிளிப்பைக் கழற்றிய பிறகும் நாக்கு அதே இடத்தில் தங்கினால் இடைவெளி மீண்டும் திறக்க வாய்ப்பு மிக அதிகம். ஆகவே "விழுங்கும்போது தள்ளாதே" என்று அவளிடம் சொல்வதைவிட, "சும்மா இருக்கும்போது நாக்கை மேலே வை" என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி (6 வயது மகனின் தந்தை, ஈரோடு): முன்பால் பற்கள் விழுந்துவிட்டன. தண்ணீர் குடிக்கும்போது அந்த இடைவெளியில் நாக்கு எட்டிப் பார்க்கிறது. இப்போதே சிகிச்சை தேவையா?

பதில்: தேவையில்லை. பல் இல்லாத இடத்தை நாக்கு அடைப்பது இயல்பு. மேல் நடுப்பற்கள் பொதுவாக 7 முதல் 8 வயதிலும், அவற்றின் பக்கத்துப் பற்கள் 8 முதல் 9 வயதிலும் முளைக்கின்றன. அவை இறங்கும்போது பெரும்பாலான பிள்ளைகளின் நாக்கு தானாகவே பின்வாங்கிவிடும். 8 வயதில் ஒரு முறை காட்டுங்கள். ஆனால் பையன் வாயைத் திறந்தபடி தூங்கினாலோ குறட்டை விட்டாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (8 வயது மகனின் தாய், நாகர்கோவில்): இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டறிய முடியுமா?

பதில்: உறுதி செய்வது மருத்துவரின் வேலை, சந்தேகத்தை எழுப்பும் அறிகுறிகளை நீங்கள் பார்க்கலாம். மகனுக்குத் தெரியாமல், அவன் தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள். விழுங்கும் கணத்தில் உதடுகள் இறுகி, மோவாயின் தோல் சுருங்கிக் குழி குழியாகத் தெரிந்தால், நாக்கு முன்னே வருவதை உதடு தடுத்து நிறுத்துகிறது என்று பொருள். பிறகு அவன் ஒரு வாய் நீரை வைத்துக்கொள்ள, நீங்கள் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பிடித்து விழுங்கச் சொல்லுங்கள். பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இது சிரமமாக இருக்கும், நீர் வெளியே வழியும்.

பேச்சையும் கேளுங்கள். தமிழில் த, ந ஆகிய எழுத்துகளுக்கு நாக்கு மேல்பல்லைத் தொடுவது முறையானதே. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ச, ஸ ஆகிய ஒலிகளின்போது நாக்கு நுனி பற்களுக்கு நடுவே வெளியே வந்தால்தான் கவனிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, அவன் தன்னை மறந்து விளையாடும்போது வாய் திறந்திருக்கிறதா, நாக்கு கீழ்ப்பற்களின்மேல் படுத்திருக்கிறதா என்பதே எனக்கு அதிகம் பயன்படும் தகவல். அதை மருத்துவமனையில் பதினைந்து நிமிடத்தில் எங்களால் பார்க்க முடியாது, பெற்றோரால் முடியும்.

கேள்வி (10 வயது மகனின் தந்தை, சென்னை): மகனுக்குத் தூசி ஒவ்வாமை உண்டு. எப்போதும் மூக்கடைப்பு, வாயைத் திறந்து தூங்குகிறான், குறட்டையும் உண்டு. பயிற்சி தொடங்கிச் சில மாதங்கள் ஆகியும் மாற்றம் இல்லை. அவன் ஒழுங்காகச் செய்வதில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: தயவுசெய்து திட்டுவதை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தவறு அவனிடம் இல்லை என்றே தோன்றுகிறது. மூக்கு வழியாகக் காற்று போகாத பிள்ளை மூச்சுவிட வாயைத் திறந்தே ஆக வேண்டும். வாயில் காற்றுக்கு வழி வேண்டுமென்றால் நாக்கு அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கி முன்னே வந்தே ஆக வேண்டும். டான்சில் பெரிதாக இருந்தாலும், தொண்டையில் இடம் தேடி நாக்கின் அடிப்பகுதி முன்னுக்குத் தள்ளப்படும். "நாக்கை மேலே வை, வாயை மூடு" என்று நாம் சொல்வது அந்தப் பிள்ளைக்கு "மூச்சு விடாதே" என்று சொல்வதாகவே ஆகிறது.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடினாய்டு (மூக்கின் பின்புறம், தொண்டையின் மேற்பகுதியில் உள்ள சதை), டான்சில், ஒவ்வாமை ஆகிய மூன்றையும் அவர் சோதிப்பார். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும், தலையணை, மெத்தை விரிப்புகளைச் சுத்தமாக வைப்பதும் நல்ல பலன் தரும். அடினாய்டு சுமார் 7 வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கத் தொடங்குவது இயல்பு என்றாலும், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் இருந்தால் சுருங்கும்வரை காத்திருப்பது சரியல்ல. அது பல் பிரச்சினையைவிடப் பெரியது. படிப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கும். மூக்கு திறந்த பிறகும் வாயைத் திறந்து வைக்கும் வழக்கம் சில காலம் மிச்சமிருக்கும். பயிற்சிக்கு உரிய நேரம் அதுதான். மூக்கைப் பார்க்காமல் பயிற்சியையோ வாய்க்குள் தடுப்புக் கம்பியையோ தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி (9 வயது மகளின் தாய், மதுரை): பயிற்சி என்கிறார்களே, சரியாக என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நாள்?

பதில்: எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை, நாக்கு நுனி தங்க வேண்டிய இடத்தைப் பிள்ளை அறிந்துகொள்வது. மேல் முன்பற்களுக்குப் பின்னால், பல்லைத் தொடாமல், அண்ணத்தில் மேடாக வரிவரியாக உள்ள பகுதிதான் அந்த இடம். தமிழ் பேசும் பிள்ளைக்கு இதைக் காட்டுவது எளிது: "ன" என்றோ "ல" என்றோ சொல்லச் சொல்லி, ஒலியை நிறுத்திவிட்டு நாக்கை அங்கேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் விரைவில் பிடிபடும்.

அடுத்தது, கிளிப்புக்குப் பயன்படுத்தும் சிறிய ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து, அந்த இடத்தில் ஒட்டிப் பிடித்து, பின்பற்களைச் சேர்த்து, உதட்டை இறுக்காமல் உமிழ்நீரை விழுங்குவது. வளையம் அங்கேயே இருந்தால் விழுங்கியது சரி. முன்னே நழுவினால் நாக்கு தள்ளியிருக்கிறது. இதைப் பெரியவர் உடனிருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும். விழுங்கிவிடும் என்று அஞ்சக்கூடிய சிறு பிள்ளைகளுக்கு வளையமே வேண்டாம். நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி, வாயை அகலத் திறந்து, "டக்" என்ற ஒலியோடு விடுவிப்பது நாக்கின் தசைகளுக்கு வலு சேர்க்கும். உதடுகள் தளர்ந்து மூடாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு, நூல் கோத்த பெரிய பொத்தானை உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து, நூலை இழுக்கும்போது உதட்டால் பிடித்துக்கொள்ளும் பயிற்சியும் உண்டு.

காலக்கணக்கைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரியாக விழுங்கக் கற்பது சில வாரங்களில் முடியும். நினைவில்லாமலும் அப்படியே செய்வதற்குப் பல மாதங்கள் ஆகும். சாப்பாட்டுக்கு முன் சில நிமிடங்கள், படுக்கும் முன் சில நிமிடங்கள் என்று தினமும் தவறாமல் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிட மேலானது. படிக்கும் மேசையில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் பார்க்கும் போதெல்லாம் நாக்கை மேலே வைக்கச் சொல்லுங்கள்; கவனமின்றி இருக்கும் நேரத்தைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (9 வயது பேரனின் பாட்டி, தஞ்சாவூர்): வாய்க்குள் கம்பி வைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். குத்தாதா? பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்?

பதில்: உங்கள் பயம் புரிகிறதம்மா. மேல் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, அதிலிருந்து முன்பற்களுக்குப் பின்னால் வேலிபோல் இறங்கும் கம்பி அமைப்பு அது. நாக்கு முன்னே வரும்போது தடுத்து, மேலே போகத் தூண்டும். குத்திக் காயப்படுத்துவது அதன் நோக்கம் அல்ல. முதல் ஒன்றிரண்டு வாரம் பேச்சு குழறும், உமிழ்நீர் அதிகம் ஊறும், இட்லி, குழைந்த சாதம் போன்றவைதான் எளிதாக இறங்கும்; பிறகு பழகிவிடும். கம்பியைச் சுற்றி உணவு தங்கும் என்பதால் ஒவ்வொரு முறை சாப்பிட்ட பின்னும் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். இடைவெளி மூடியதும் கழற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அதன் பிறகும் சுமார் ஆறு மாதம் வைத்திருப்பதே வழக்கம். தண்டனையாக அல்லாமல் நினைவூட்டியாக இதை அவனுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தால், பாதி வேலை முடிந்தது.

கேள்வி (பலர்): இணையத்தில் விற்கும் சிலிக்கோன் டிரெய்னரை (நாக்கைப் பழக்குவதற்கென்று வாயில் மாட்டும் மென்மையான கருவி) நாங்களே வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். அளவும் தாடையின் அமைப்பும் பாராமல் போட்டால் பயனில்லை. மூக்கடைப்புள்ள பிள்ளைக்கு இரவில் போடுவது சிரமத்தையே தரும்.

கேள்வி (7 வயது மகளின் தாய், சேலம்): மகள் இன்னும் விரல் சூப்புகிறாள். நாக்கும் தள்ளுகிறது. எதை முதலில் நிறுத்துவது?

பதில்: விரலை. விரல் உண்டாக்கிய இடைவெளியைத்தான் நாக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வயதில் விரல் நின்றால், பல பிள்ளைகளுக்கு முன்பற்கள் தாமாகவே இறங்கி இடைவெளி குறையும். விரலில் வேப்பெண்ணெய் தடவுவதைவிட, பிறர் முன்னால் கேலி செய்யாமல் இருப்பதும், சூப்பாத நாளைப் பாராட்டுவதும் நீண்ட பலன் தரும்.

கேள்வி (26 வயது, கோயம்புத்தூர்): 15 வயதில் கிளிப் போட்டு எல்லாம் சரியானது. ரிடெய்னரை (கிளிப்பைக் கழற்றிய பின் பற்களை அதே இடத்தில் நிறுத்தும் கருவி) விட்ட பிறகு முன்பற்கள் மீண்டும் விலகிவிட்டன. அப்போது நாக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இனி மாறுமா?

பதில்: இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1985-இல் வெளியான ஆய்வில், மேல், கீழ் முன்பற்கள் சேராத இடைவெளிக்குக் கிளிப் போட்டவர்களில் 35 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு, ரிடெய்னரை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இடைவெளி இருந்தது. 2010-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கிளிப்போடு நாக்குப் பயிற்சியும் பெற்றவர்களுக்குச் இடைவெளி சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவே மீண்டும் திறந்தது; பயிற்சி பெறாதவர்களுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல். அது சிறிய ஆய்வுதான், ஆனாலும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்பதற்குப் போதுமான காரணம்.

பெரியவர்களாலும் மாற்றிக்கொள்ள முடியும். பிள்ளைகளைவிட விருப்பத்தோடு செய்வார்கள் என்பது சாதகம், வேரூன்றிய பழக்கம் என்பது பாதகம். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, இடைவெளி பற்களால் வந்ததா, தாடை எலும்பின் வளர்ச்சியால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். எலும்பால் வந்திருந்தால் பயிற்சி மட்டும் மூடாது. கடைவாய்ப் பற்களை எலும்புக்குள் அழுத்தச் சிறு திருகுகளோ, சிலருக்குத் தாடை அறுவை சிகிச்சையோ தேவைப்படும்.

கேள்வி (8 வயது மகனின் தாய், திருநெல்வேலி): ஒரு மருத்துவர் பயிற்சி முழுவதும் முடிந்த பிறகே கிளிப் என்கிறார், இன்னொருவர் மேல்தாடையை அகலப்படுத்தும் கருவியை இப்போதே போடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். மகனின் மேலண்ணம் குறுகி, பின்பற்கள் உட்புறமாகக் கடிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நாக்கு மேலே தங்கவே அங்கு இடமில்லை. இடம் தராமல் பயிற்சி மட்டும் சொல்வது வீண். அப்போது அகலப்படுத்துவது முதலில், பயிற்சி கூடவே, முழுக் கிளிப் நிலைப்பற்கள் முளைத்த பிறகு. அண்ணம் அகலமாக இருந்து, மூக்கும் தெளிவாக இருந்தால், முதல் மருத்துவர் சொன்னபடி பயிற்சியில் தொடங்கிச் சில மாதம் பார்க்கலாம். அதற்குள் இடைவெளி குறைவதும் உண்டு. ச, ஸ ஒலிகளிலும் குறை இருந்தால் பேச்சுப் பயிற்சி நிபுணரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள்: நுனி இதய வடிவில் பிளந்து, அண்ணத்தைத் தொட முடியாமல் கீழே இழுத்துப் பிடித்திருந்தால் நாக்கின் அடியிலுள்ள இணைப்புச் சவ்வு குட்டையாக இருக்கிறது. அதையும் இரு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள்; அது சிகிச்சையின் வரிசையையே மாற்றக்கூடும்.