வு, வொ செய்த பாவம் என்ன?

கேள்வி: 'டோக்கி போனா' என்ற செயற்கை மொழியில் 'வு', 'வொ' என்ற ஒலிகளே வரக்கூடாதாமே? இஷ்டத்துக்கு உருவாக்கிய மொழிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி? (வாசகி, தேனி)

பதில்: உதட்டைக் குவித்து 'வு' என்று சொல்லிப் பாருங்கள். 'உ'வுக்கும் அதே குவிப்புதான். கேட்பவருக்கு எது எதுவென்று பிடிபடாது. 'யி'க்கும் அதனால்தான் தடை. 'டி' பலர் வாயில் 'சி'யாக நழுவுவதால் அதுவும் அவுட்!

2001இல் இம்மொழியை வெளியிட்ட கனடாக்காரர் சோன்யா லாங், 9 மெய், 5 உயிரோடு நிறுத்திக்கொண்டார். ஒரு மெய், ஓர் உயிர், வேண்டுமானால் கடைசியில் 'ன்': அசை என்றால் அவ்வளவுதான். மெய் இல்லாத அசை சொல்லின் தொடக்கத்தில் மட்டும் வரலாம்.

நமக்கென்ன இது புதிதா? உ, ஊ, ஒ, ஓ நான்கும் வகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ('வோட்டு' என்று எழுதுகிற கட்சிக்காரர்கள் கவனிக்க.)

ஊர்ப்பெயர்களும் இந்தச் சல்லடையில் விழுந்துதான் ஆகவேண்டும். ரகரம் இல்லாததால் லகரம். பகரத்தில் ஒரே வகை. ஆக, நம் பாரதம் அங்கே 'பலடா'!