95 சதவீத லாபம்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியது அரசு அல்ல, லண்டன் வணிகர்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். நிலப்பிரபுக்கள் கோலோச்சிய நாட்டில் வணிகர்களால் அவ்வளவு பணத்தை எப்படித் திரட்ட முடிந்தது? முதல் இரண்டு பயணங்களிலும் சேர்த்து 95 சதவீத லாபம் என்று படித்தேன். உண்மையா?

ம., கோவை

அன்புள்ள ம.,

எண் சரிதான். ஆனால் அதை ஆண்டு லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. 1601-இல் பணம் போட்டவர்கள் அசலும் லாபமுமாக முழுவதையும் கண்ணால் காண ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 12 சதவீதத்தை ஒட்டி வரும். அன்று இங்கிலாந்தில் சட்டப்படி வாங்கக்கூடிய வட்டியே 10 சதவீதம். கப்பல் மூழ்கினால் எல்லாம் போச்சு என்ற துணிச்சலுக்குக் கிடைத்த கூலி மிச்சம் இரண்டு சதவீதம்தான்.

பங்கு சேர்த்துக் கப்பல் அனுப்புவது அவர்களுக்குப் புதிதல்ல. 1553-இலேயே வடகடல் வழியாகச் சீனா போக 240 பேர் ஆளுக்கு 25 பவுண்டு போட்டு 6,000 பவுண்டு சேர்த்தார்கள். அந்த முயற்சி சீனாவை எட்டவில்லை. ரஷ்ய வணிகத்தில் போய் முடிந்தது. 1600 டிசம்பர் 31-இல் எலிசபெத் அரசி சாசனம் தந்தபோது திரண்டது 68,373 பவுண்டு. அதில் 39,771 பவுண்டு கப்பலுக்கும் தளவாடத்துக்கும் போனது. 21,742 பவுண்டுக்கு வெள்ளி. விற்பதற்கென்று ஏற்றிய சரக்கு வெறும் 6,860 பவுண்டுக்குத்தான். காரணம் எளிது: வெக்கை நாட்டில் ஆங்கிலக் கம்பளித் துணியை யார் வாங்குவார்கள்?

கம்பெனி மிளகு வாங்கப் போன கிழக்குத் தீவுகளில் ஓடிய சரக்கு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. 1602-இல் முதல் பயணத்தின் தலைவர் லங்காஸ்டர் மலாக்கா ஜலசந்தியில் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலை மடக்கினார். அது சாந்தோமிலிருந்து துணிப் பொதிகளோடு வந்த கப்பல். அந்தக் கொள்ளை இல்லாவிட்டால் முதல் பயணத்தின் கணக்கு இவ்வளவு அழகாக இருந்திருக்காது. லாபக் கணக்கைப் புகழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

நிலப்பிரபுக்கள் பற்றிக் கேட்டீர்கள். அரசவை, பயணத்துக்குத் தலைவராக எட்வர்ட் மிச்சல்போர்ன் என்ற பிரபுகுல வீரரைச் சிபாரிசு செய்தது. கம்பெனி மறுத்துவிட்டது: பொறுப்பான எந்தப் பதவியிலும் கனவான்களை அமர்த்த மாட்டோம், எங்கள் தரத்து ஆட்களோடே தொழில் செய்துகொள்கிறோம் என்றது. பார்ப்பதற்குப் பணிவு, உள்ளே கணக்கு. பிரபு கையில் கப்பல் போகிறது என்று தெரிந்தால் பங்குதாரர்கள் பணத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. பின்னாளில் அதே மிச்சல்போர்ன் ஜேம்ஸ் மன்னரிடம் தனி உரிமம் வாங்கிக் கிழக்கே போய்க் கொள்ளையடித்தார். கெட்டபெயர் கம்பெனிக்கு வந்தது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனி முதல் (மூலதனம்), தனிக் கணக்கு. 1603-இல் லங்காஸ்டரின் கப்பல்கள் பத்து லட்சம் பவுண்டு எடைக்கு மேல் மிளகோடு திரும்பின. அரசரிடமும் விற்க வேண்டிய மிளகு இருப்பு இருந்ததால் கம்பெனியின் சரக்கு முடங்கியது. பங்குதாரர்கள் தங்கள் பங்கை மிளகாகவே வாங்கி, விற்றுக்கொள்ளும் பாட்டைத் தாங்களே பட்டார்கள். கடலுக்கு அப்பால் நிலைமை இன்னும் மோசம். ஜாவாத் தீவின் பாண்டம் துறைமுகத்தில் ஒரு பயணத்தின் முகவரும் அடுத்த பயணத்தின் முகவரும் ஒரே கம்பெனிக்காரர்கள். ஆனால் லாபம் வேறு வேறு ஆட்களுக்கு. ஒருவரோடொருவர் போட்டிபோட்டு மிளகு விலையை அவர்களே ஏற்றினார்கள். பண்டகசாலைக்கும் அங்கிருந்த ஆட்களின் சம்பளத்துக்கும் எந்தப் பயணத்தின் கணக்கில் செலவு எழுதுவது என்பதிலும் தகராறு.

1613-இல் சில பயணங்களுக்குச் சேர்த்து ஒரே முதலாக 4 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிப் பார்த்தார்கள். அதுவும் தவணை முடிந்ததும் கலைக்க வேண்டிய முதல்தான். 1657-இல்தான் நிரந்தர முதல் வந்தது. அதன் பிறகு ஒருவருக்குப் பணம் வேண்டுமென்றால் தன் பங்கை இன்னொருவருக்கு விற்கலாம். கம்பெனியின் கணக்கை மூடி முதலைப் பிரிக்கச் சொல்ல முடியாது.