வேனில் காத்திருக்கும் அப்பா

கேள்வி: லண்டன் ஹாரோவில் வளர்ந்தவன் நான், வயது 36. இசைக் கல்லூரியில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் கலையைப் படித்துவிட்டு, எட்டு ஆண்டுகளாக இப்பகுதியின் அமெச்சூர் சிம்பொனிக் குழு ஒன்றை நடத்துகிறேன். செவ்வாய்தோறும் தேவாலய மண்டபத்தில் ஒத்திகை. பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இலவசமாக வாசிக்கிறோம். ஆனாலும் அக்கம்பக்கத்தார், குறிப்பாக நம்மவர்கள், எங்கள் கச்சேரிக்கு வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழாக்களை முன்னின்று நடத்திய அப்பாதான் இசைத்தாள் ஸ்டாண்டுகளை வேனில் ஏற்றி இறக்குவார். இந்த இசை புரியாததால் ஒத்திகை முடியும்வரை வேனிலேயே இருந்துகொள்வார். இப்போது ஜெர்மனியில் ஓர் ஓபரா அரங்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்காக உழைத்தது வீண்தானா? போய்விடலாமா?

பதில்: உழைத்தது வீணா என்று கேட்டு எழுதுபவர்கள், வீணில்லை என்ற பதிலையும் மனத்துக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் கடிதத்தை அனுப்புகிறார்கள். அந்தப் பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு செய்தி: அப்பா வேனிலேயே இருந்துகொள்வார்.

எட்டுக் குளிர்காலங்களாக, ஸ்டாண்டுகளைச் சுமந்து உள்ளே வைத்த மனிதர் மறுபடி வெளியே போய் உட்கார்ந்திருக்கிறார். அதை நீங்கள் ஒரு குறையாகக்கூட எழுதவில்லை, போக்குவரத்து ஏற்பாட்டைப் போல எழுதியிருக்கிறீர்கள். ஒத்திகையின் நடுவே தேநீருக்கு நிறுத்துவது அங்குள்ள அமெச்சூர் குழுக்களின் வழக்கம். உள்ளே வயோலா வாசிப்பவருக்கும் செல்லோ வாசிப்பவருக்கும் கிடைக்கும் தேநீர் ஒரு நாளாவது வேன்வரை போனதுண்டா? முதியோர் இல்லத்தில் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு இந்த இசை புரியும் என்று நம்பி வயலின்களைத் தூக்கிக்கொண்டு போகிற நீங்கள், பெற்றவருக்குப் புரியாது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அவரே அப்படிச் சொல்லியிருந்தாலும், உள்ளே வாருங்கள் என்று இரண்டாம் முறை கூப்பிடுவது பிள்ளையின் கடமை. ஊர்த்தொண்டில் பெயரெடுத்தவர்களின் வீட்டிலிருந்து வரும் கடிதங்களை நான் நிறையவே படித்திருக்கிறேன். அவற்றில் பாதி, இப்படி வெளியே உட்கார வைக்கப்பட்டவர்கள் எழுதியவை.

நம்மவர்கள் வருவதில்லை என்று என்னிடம் முறையிடும் முன், ஏன் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு தொழில் செய்வோருக்கோ உபயமாக இருக்கும். அன்றைய செலவு, அலங்காரம், அன்னதானம் மட்டுமல்ல, எந்த நாதஸ்வரக்காரரை, எந்தத் தவில்காரரை அழைப்பது என்பதும் உபயகாரரின் பொறுப்பு, பெருமை. மேளக்கச்சேரி நள்ளிரவைத் தாண்டினாலும் கூட்டம் கலையாததற்குக் காரணம், அது அவர்கள் தேர்ந்தெடுத்து, செலவழித்து, அடுத்த வீட்டாரோடு போட்டி போட்டு வைத்த கச்சேரி. நீங்களோ எந்த சிம்பொனி, எந்த நாள், எந்த மண்டபம் என்று எல்லாவற்றையும் உங்களுக்குள்ளேயே தீர்மானித்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் ஊரை அழைக்கிறீர்கள்.

இது மேளத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. 2007இல் அமெரிக்காவின் பால்டிமோர் சிம்பொனியை நடத்தும் பொறுப்பை ஏற்ற மேரின் ஆல்சோப், தமக்கு முன்பே கிடைத்திருந்த மெக்ஆர்தர் அறக்கட்டளை நல்கையிலிருந்து பணம் கொடுத்து, மறு ஆண்டே நகரின் மேற்குப் பகுதியில் ஒரே பள்ளியில் 30 குழந்தைகளோடு ஓர் இசைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். ஒருமுறை போய் வாசித்துவிட்டு வருவதோடு நிற்காமல், பிள்ளைகளின் கையிலேயே வாத்தியத்தைக் கொடுத்தார். பிறகு அந்நகரின் அமெச்சூர் கலைஞர்களையும் மேடைக்கு அழைத்துத் தம் குழுவினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைத்தார். தந்தை மகன் கதையும் ஒன்று உண்டு. 1935இல் பம்பாய் சிம்பொனியைத் தொடங்கிய மெஹ்லி மேத்தா, மகன் ஸுபின் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மானிக்கை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், 1964இல் அதே நகரில் இளைஞர்களுக்கான ஓர் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கி, 1998 வரை நடத்தினார். உங்கள் அப்பா வித்துவான் அல்லர் என்பீர்கள்; இருக்கட்டும், ஊரைக் கூட்டத் தெரிந்தவர் அல்லவா?

ஜெர்மனி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே ஓபரா அரங்குகளில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்சி கொடுப்பதில் தொடங்கிப் படிப்படியாகக் கோலைக் கையில் வாங்குவது பழைய, நல்ல வழி. 36 வயதில் அது பிந்திய தொடக்கம்தான், ஆனாலும் தவறில்லை. பிள்ளை எப்போதும் பெற்றோரின் காலடியிலேயே கிடக்க வேண்டும் என்று சொல்பவள் அல்ல நான். ஆனால், நீங்கள் போய்விட்டால் அந்த மனிதரின் செவ்வாய்க்கிழமைகள் என்னவாகும் என்று இவ்வளவு நீண்ட கடிதத்தில் ஒரு வரி இல்லை. வேலை கிடைத்த செய்தியை அவரிடம் சொன்னீர்களா என்பதும் தெரியவில்லை.

முதலில் அதைச் சொல்லுங்கள். அடுத்த ஒத்திகைக்கு அவருக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டு, இவர் என் தகப்பனார் என்று குழுவினரிடம் அறிமுகப்படுத்துங்கள். நீங்கள் போவதானாலும் இருப்பதானாலும், வரும் பருவத்தில் ஒரு கச்சேரியை உபயமாக ஊராரிடம் விட்டுவிடும்படி நிர்வாகக் குழுவிடம் பேசி, யார் யாரைக் கேட்பது என்ற பட்டியலை அப்பாவிடம் எழுதி வாங்குங்கள். ஸ்டாண்டுகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு இனி இளைய உறுப்பினர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும்.