வென்னா, வைலா, ஆஸா?

அன்புள்ள ஐயா,

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘அப்பா நாற்று பறித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது’ என்பதை ஆங்கிலத்தில் எழுத வென், வைல், ஆஸ் மூன்றில் எது சரி? பயிற்சி மையத்தில் மூன்றும் சரி என்கிறார்கள். விடைக்குறிப்பில் வைல் மட்டும் இருக்கிறது.

— வாசகி, மன்னார்குடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் வாக்கியத்தில் மூன்றும் இலக்கணப்படி பொருந்தும். ஆனாலும் விடைக்குறிப்பு வைலைத் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது. நாற்றுப் பறிப்பு நொடியில் முடிகிற காரியமா? குனிந்தபடியே பறித்து, வேர்ச் சேற்றை அலசி, முடி முடியாகக் கட்டிப் போட வேண்டும். அப்படி நீளும் வேலைக்கு முன்னால் நிற்கத்தான் வைல்.

இப்போது வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். அப்பா நாற்று பறித்துக்கொண்டிருந்தது முதலில், மழை பிடித்துக்கொண்டது பின்னால். மழைக்கு முன்னால் இனி வென்தான் வர வேண்டும். மழை பிடித்துக்கொள்வது ஒரு கணம். கணத்துக்கு வைல் ஒத்துவராது. ஆஸ் போட்டாலோ, மழை பிடித்துக்கொண்டதால்தான் நாற்று பறித்தார் என்று படிக்க இடமாகிவிடும். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘மூன்றும் சரி’ என்று பிள்ளைகளை அனுப்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆஸுக்கென்றே ஓர் இடம் உண்டு. கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் வெண்ணாற்றில் ஏற ஏற, உங்கள் பாமணி ஆற்றிலும் ஏறுகிறது அல்லவா? அந்த ‘ஏற ஏற’தான் ஆஸ். வயதைச் சொல்லும்போது யோசிக்கவே வேண்டாம்: ‘எனக்குப் பத்து வயதாக இருந்தபோது’ என்பதற்கு வென்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் அதிகம் இடறுவது அங்கேதான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். ‘தண்ணீர் வரும்போது குறுவைக்கு விதைப்போம்’ என்று எழுதச் சொன்னால், வென்னை அடுத்து வரும் பகுதியிலும் எதிர்காலம் காட்டும் ‘வில்’ (will) போட்டுவிடுகிறோம். நம் ‘வரும்’ அப்படி இழுக்கிறது. ஆங்கிலத்தில் வில் விதைப்புக்கு மட்டும். தண்ணீர் வருவது நிகழ்காலத்திலேயே நிற்கும். ஆஃப்டர், பிஃபோர், அன்டில் ஆகியவற்றுக்கும் இதே விதி.

அடுத்த கடிதத்தில் ‘கல்லணை திறக்கும்வரை காத்திருப்போம்’, ‘கல்லணை திறப்பதற்குள் உழுதுவிடுவோம்’ இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். முன்னதற்கு அன்டில், பின்னதற்கு பிஃபோர். வில் எங்கே போடுகிறீர்கள் என்று பார்க்கிறேன்.