கையெழுத்துப் போட்டாச்சே, இனி கேட்க முடியாதா?

கேள்வி: வயது 58. மேல் இமைத் தோல் தொங்கி எப்போதும் தூக்கக் கலக்கமாகவே தெரிகிறேன் என்று நான்கு மாதம் முன்பு இரண்டு கண்ணிலும் இமை அறுவை செய்துகொண்டேன். வலது கண் இரவில் முழுதாக மூடுவதில்லை. காலையில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. இடது இமை மடிப்பு சற்று மேலே நிற்கிறது. கேட்டால் "எல்லா அபாயமும் படிவத்தில் இருக்கிறது, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். இனி எந்த இழப்பீடும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இலவசமாகச் சரிசெய்வார்களாம். கொடுக்கலாமா? வழக்குப் போட முடியுமா?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமான வரி. உடை மாற்றி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்த பிறகுதான் படிவம் வந்தது, நர்ஸ் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டேன் என்கிறீர்கள். கண்ணாடி இல்லாமல் உங்களால் படிக்கவே முடியாது. சரி, அப்படியானால் அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து, அவ்வளவுதான். சம்மதம் என்பது மருத்துவர் உட்கார்ந்து விளக்கி, நீங்கள் கேட்டு, யோசித்து, சரி என்று சொல்வது. படிவம் அப்படி ஒரு பேச்சு நடந்ததற்கு ஒரு சாட்சியாக இருக்கலாம்; பேச்சே நடக்காதபோது அந்தச் சாட்சிக்குப் பெரிய பலமில்லை.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் 1992-ஆம் ஆண்டு ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கும் கண் அறுவை பற்றியதுதான். பார்வை ஏறக்குறைய இல்லாத ஒரு கண்ணில் அறுவை செய்தால் தோற்றமும் மேம்படும், பார்வையும் கணிசமாகத் திரும்பலாம் என்று விட்டேக்கர் என்ற பெண்ணிடம் சொன்னார்கள். அறுவையில் தவறில்லை. ஆனால் சுமார் 14,000 பேரில் ஒருவருக்கு வரும் ஒரு சிக்கலால் நல்ல கண்ணின் பார்வையும் போய்விட்டது. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தும் அதைச் சொல்லாமல் விட்டது தவறு என்றது நீதிமன்றம். எல்லா நாடும் இவ்வளவு தூரம் போகாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, கணிசமான அபாயம் எல்லாம் சொல்லியாக வேண்டும், மிக அரிதான அபாயங்களைச் சொல்ல வேண்டியதில்லை என்றது.

உங்கள் விஷயத்துக்கு அந்த வேறுபாடுகூடத் தேவைப்படாது. இமை அறுவைக்குப் பிறகு கண் உலர்வதும் முழுதாக மூடாமல் போவதும் அரிய சங்கதியே அல்ல, அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதுவும் தினமும் கண் சொட்டு மருந்து போடுகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறீர்கள். அதன் பிறகும் கண்ணீர் சுரப்பைச் சோதிக்கவில்லை, எச்சரிக்கவில்லை என்றால் உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான். சொல்லியிருந்தால் செய்திருக்கமாட்டேன் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும்; உயிர் காக்கும் சிகிச்சையில் அது கஷ்டம், அழகுக்காகச் செய்துகொண்டதில் அவ்வளவு கஷ்டமில்லை.

மடிப்பு மேலே நிற்பதை வைத்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். யாருக்கும் இரண்டு கண்ணும் அச்சில் வார்த்தது போல் இருக்காது, உங்கள் பழைய போட்டோவை எடுத்துப் பாருங்கள். விளைவு பிடிக்கவில்லை என்பது அலட்சியம் ஆகிவிடாது. ஆனால் "ரிஸ்க்கே இல்லை, நூறு சதவீதம் இயற்கையாக இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களே, அதை அழிக்காமல் வையுங்கள். வாயால் சொன்ன உறுதிமொழியை மறுத்துவிடலாம், இதை முடியாது.

இப்போது செய்ய வேண்டியது, அந்த மருத்துவமனைக்குத் தொடர்பில்லாத, இமை அறுவையில் தேர்ந்த ஒரு கண் மருத்துவரைப் பார்ப்பது. எத்தனை மில்லிமீட்டர் மூடாமல் நிற்கிறது, கருவிழியில் சிராய்ப்பு இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதைவிடக் குறைவாக இருந்தால் அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறார்கள் என்ற இரண்டாவது வாதமும் கிடைக்கும். நீங்கள் தூங்கும்போது வீட்டில் யாரையாவது கண்ணை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஆயிரம் வார்த்தை எழுதுவதைவிட அது மேல். அந்தக் கண் மருத்துவர் தரும் களிம்பையும் தவறாமல் போடுங்கள். கோபத்தில் சிகிச்சையை விட்டுவிட்டால் பாதிப்பை நீங்களே வளர்த்துக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

அப்புறம் மருத்துவமனைக்கு ஒரு கடிதம். அறுவைக் குறிப்பு, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், படிவத்தின் நகல் எல்லாம் கேளுங்கள். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இலவச அறுவை பற்றி, "என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பரிசீலிக்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். மறு அறுவையை வழக்கமாக ஆறு மாதமாவது ஆற விட்டுத்தான் செய்வார்கள், கருவிழிக்கு ஆபத்து என்றால் முன்கூட்டியே. ஆகவே இன்றே எழுதிக் கொடு என்ற அவசரம் உங்கள் கண்ணுக்காக வந்ததல்ல. நடுவில் மருத்துவர் பெயரைப் போட்டு இணையத்தில் திட்டி எழுதாதீர்கள், அவதூறு வழக்கு என்று அவர் கையில் ஒரு பிடி கிடைத்துவிடும்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, காலக்கெடு அதைப் பொறுத்தது. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது இரண்டு ஆண்டுகள், இங்கிலாந்தில் பொதுவாக மூன்று. மருத்துவமனையோடு சமரசம் பேசிக்கொண்டிருந்த மாதங்களும் இதில் சேர்த்தி. நான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.