தைத்த விரலும் வயலினும்

வணக்கம் அக்கா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். எங்கள் கோயில் பஜனையில் பல வருஷமாக வயலின் வாசிக்கிறேன். சனிக்கிழமை காலையில் எஸ்டேட் பிள்ளைகள் சிலருக்கு வரிசைகள் சொல்லித் தருகிறேன். போன மாதம் இளநீர் வெட்டும்போது பாராங் கத்தி வழுக்கி, இடது கை நடுவிரலின் அடிக்கணுவில் ஆழமாக இறங்கிவிட்டது. விரலை மடக்கும் டெண்டன் (தசைநாண்) அறுந்து, ஈப்போவில் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். இப்போது ஐந்து வாரம் ஆகிறது. விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் இன்னும் இருக்கிறது. வலி அநேகமாக இல்லை.

என் வாத்தியார், "கை விட்டுப்போனால் திரும்ப வராது. மற்ற விரல்களை வைத்தாவது தினமும் கொஞ்சம் வாசி" என்கிறார். மருத்துவமனையில் வாசிக்கவே கூடாது என்கிறார்கள். அம்மா ரப்பர் பந்து வாங்கி வைத்து அழுத்தச் சொல்கிறார். மணிக்கட்டு ஆபரேஷனுக்குப் பிறகு, தையல் பிரித்த கையோடு வில்லை எடுத்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நவராத்திரிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. நானும் மெதுவாகத் தொடங்கலாமா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

வேண்டாம். முக்கியமாக, என்னைப் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

எனக்கு நடந்தது வேறு. மணிக்கட்டின் குறுக்கே ஒரு பட்டை நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது, அந்தப் பட்டையை வெட்டி விட்டார்கள். உள்ளே தைத்து வைத்த எதுவும் இல்லை, அதனால் அறுந்துபோகவும் எதுவும் இல்லை. வலித்தால் நிறுத்தினேன், வலி குறைந்தால் தொடர்ந்தேன். உங்கள் விரலில் அறுந்த தசைநாணின் இரண்டு முனைகளை நூலால் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் இழுவையைத் தாங்குவது அந்த நூல்தான். ஐந்தாம் வாரத்தில் முனைகள் ஒட்டத் தொடங்கியிருக்கும், ஆனால் பாரம் தாங்கும் பலம் வந்திருக்காது. பொதுவாக 6 வாரம் ஸ்பிளிண்ட், 12 வாரம் வரை பாரமில்லாத வேலை என்று கணக்கு வைப்பார்கள். அந்தப் பலம் வந்ததா இல்லையா என்பதை வலி உங்களுக்குச் சொல்லாது. வலியில்லாமல் இருக்கும்போதே தையல் விட்டுவிடலாம். விட்டால் மறுபடி ஆபரேஷன், அதன் பலன் பெரும்பாலும் முதல் முறை அளவுக்கு வராது.

வாத்தியார் சொன்ன 'மற்ற விரல்கள்' யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் வலது கையின் மற்ற விரல்களை அம்மா நேராகப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் மோதிர விரலின் நுனியை மட்டும் மடக்கப் பாருங்கள். நுனி தொளதொளவென்று நிற்கும். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றின் நுனிகளையும் மடக்குகிற நாண்கள் முன்கையில் ஒரே தசையிலிருந்து கிளம்புகின்றன. தந்தியை மோதிர விரலால் அழுத்தினாலும் இழுபடுவது அந்தத் தசைதான். ஆட்காட்டி விரல் ஓரளவு தனி. ஆனால் கமகம் பிடிக்கும்போது, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும்போது, பக்கத்து விரலைச் சும்மா வைத்திருக்கிற வயலின்காரரை நான் பார்த்ததில்லை.

பந்து இதைவிட மோசம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யாராவது வருவார்கள், எஸ்டேட்டில் வராமல் இருக்க மாட்டார்கள். தழும்பைத் தேய்ப்பதற்கும் ஒரு காலம் உண்டு, அதை மருத்துவமனைக்காரர்கள் சொல்லட்டும்.

இதற்காகக் கையை அசையாமல் வைத்திருங்கள் என்று அர்த்தமில்லை. அடிக்கணுப் பகுதியில் ஒரு குறுகிய உறைக்குள் இரண்டு நாண்கள் ஓடுகின்றன. அசையாமல் கிடந்தால் அவை உறையோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மடங்காது. இந்தப் பயத்தால் ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் அந்த இடத்தில் உடனே தைக்கவே தயங்கினார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரோல்ட் கிளைனெர்ட்டின் குழு, தைத்த பிறகு விரலை ஒரு ரப்பர் பட்டையால் மடக்கி வைத்து, நோயாளி தானாக நீட்டிப் பழகும்படி செய்து, நல்ல பலன் கிடைத்ததை 1967-இல் வெளியிட்டது. (ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள் என்பதால் இதைப் படித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.) உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் அந்தச் சின்ன அசைவுகள்தான் இப்போது உங்கள் சரளி வரிசை, முதல் பாடம். சலிப்பாகத்தான் இருக்கும். சொன்ன முறையில், சொன்ன தடவை செய்யுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அப்புறம், வாசிப்பு. நம் வயலினுக்கு ஒரு வசதி உண்டு. தரையில் உட்கார்ந்து, ஒரு முனையை மார்போடு சாய்த்து, தலைப்பகுதியை வலது கணுக்காலில் வைக்கிறோம். வாத்தியத்தைத் தாங்க இடது கை தேவையில்லை. தந்திகளும் ச-ப-ச-ப என்று சுருதியிலேயே இருக்கின்றன. ஆகவே சிகிச்சையாளர் சம்மதித்தால், இடது கையை மடியில் வைத்துவிட்டு வெறும் தந்தியில் நீண்ட வில் போடலாம். சுருதியை வேறு யாராவது கூட்டித் தரட்டும், தந்தியை முறுக்கும் பிருடையைத் திருப்ப அந்தக் கை வேண்டாம். ஒரு வில்லுக்கு எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு பதினாறு, சத்தம் நடுங்காமல். மனத்தாங்கல் வேண்டாம், நம் கோயில் பஜனை வயலின்களில் முக்கால்வாசிக்கு விரல் ஓடும், வில் ஓடாது. எல்லோரும் இடது கையையே சாதகம் செய்கிறோம்.

கை விட்டுப்போகும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1995-இல் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, பியானோ தெரியாதவர்களுக்கு ஓர் ஐந்து விரல் பயிற்சி கொடுத்தது. ஒரு பிரிவினர் ஐந்து நாள் தினமும் 2 மணி நேரம் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் விரலை அசைக்காமல் மனத்துக்குள் மட்டும் வாசித்தார்கள். மூளையில் அந்த விரல்களுக்கான பகுதி இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரி விரிந்தது. மனத்தில் வாசித்தவர்கள் திறமையில் சற்றுப் பின்தங்கினாலும், 2 மணி நேரம் நிஜமாக வாசித்ததும் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். ஆகவே தினமும் ஒரு வர்ணத்தை ஸ்வரமாகப் பாடுங்கள். எந்த விரல், எந்த இடம், எங்கே இழுப்பு என்று மனத்தில் பார்த்துக்கொண்டே பாடுங்கள். எம்சியில் (மருத்துவ விடுப்பில்) வீட்டில்தானே இருப்பீர்கள். சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்த வேண்டாம். நீங்கள் வாசித்துக் காட்டாமல் பாடிக் காட்டினால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

அடுத்த முறை ஈப்போவுக்குப் போகும்போது வயலினையும் எடுத்துக்கொண்டு போங்கள். "வாசிக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "கூடாது" என்றுதான் பதில் வரும். தந்தியை எப்படி அழுத்துகிறோம், மேலும் கீழும் எப்படி வழுக்குகிறோம் என்று காட்டுங்கள். எந்த வாரத்தில் எந்த அசைவு என்று அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.

அனுமதி வந்த பிறகு சுருதியை இறக்குங்கள். கட்டை என்பது சுருதியின் அளவு, ஐந்து கட்டையை நாலாக்கினால் அதே தந்தியில் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். டோனி அயோமி என்ற இங்கிலாந்து கிட்டார்காரர் 17 வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தந்தி அழுத்தும் கை அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், பின்னாளில் தந்திகளையும் தளர்த்தினார். உங்கள் எஸ்டேட் இளவட்டங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருக்கும். முதலில் ஐந்து நிமிடம் போதும். அன்றைய சுகத்தை நம்பாமல், மறுநாள் காலையில் விரல் வீங்கியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நிமிடத்தைக் கூட்டுங்கள்.

நவராத்திரிக்கு வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லிவிடுங்கள், அல்லது நீங்கள் பாடுங்கள், தாளம் வலது கையால் தொடையில் போடலாம். தீபாவளி தாண்டி மருத்துவர் சரி என்றால், தைப்பூசத்துக்கு உங்கள் பெயரைப் போடலாம் என்று கோயில் தலைவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வாத்தியாருக்கு என் வணக்கம். விரல் சோதனையை அவருக்கும் செய்து காட்டுங்கள்.