லேசி போட்டும் பீன் முந்திக்கொண்டு உருவாகுதா?

வங்கிட டெஸ்ட் சேர்வரோட கதைக்கிற கிளையன்ட் வகுப்புக்கு லேசி (@Lazy) அனோட்டேஷன் போட்டிருக்கிறீங்க, அதாவது இந்த பீனை (ஸ்பிரிங் உருவாக்கி வச்சிருக்கிற ஒப்ஜெக்டை) தேவைப்படும்போது மட்டும் உருவாக்கு எண்டு சொல்லுற குறி. ஆனாலும் வெள்ளவத்தையில வீட்டில இருந்து விபிஎன் இல்லாம ஓட்டினா, ஸ்பிரிங் பூட் (ஜாவா அப் கட்டுற ஃபிரேம்வேர்க்) எழும்பும்போதே டைம்அவுட் எண்டு கேட்டிருந்தீங்க.

அனோட்டேஷன் சரி, அது மட்டும் காணாது. உங்கட ஓடர் சேர்விஸ் தன்ர கொன்ஸ்ட்ரக்டரில, அதாவது ஒப்ஜெக்டைக் கட்டுற மெதட்டில, அந்தக் கிளையன்ட்டைக் கேக்குது. ஓடர் சேர்விஸ் சாதாரண சிங்கிள்டன் (முழு அப்புக்கும் ஒண்டே ஒண்டு), தொடக்கத்திலேயே உருவாகும். அதைக் கட்டோணும் எண்டா கிளையன்ட்டையும் அப்பவே கட்டித்தான் ஆகோணும், ஸ்பிரிங்குக்கு வேற வழியில்ல.

வகுப்பில இருக்கிற லேசியை எடுக்காதீங்க. கொன்ஸ்ட்ரக்டர் பராமீட்டருக்கு முன்னாலயும் ஒண்டு போடுங்க. அப்ப உள்ள வாறது வெறும் புரொக்சிதான், கிளையன்ட்டுக்குப் பதிலா நிக்கிற ஒரு பொம்மை. முதல் மெதட் கோல் வரும்வரைக்கும் உண்மையான கிளையன்ட் உருவாகாது. புரொக்சி கிளையன்ட் வகுப்பை நீட்டித்தான் உருவாகுது, அதால அந்த வகுப்பு ஃபைனலா இருக்கக்கூடாது.

லொம்பொக் (ஜாவா கோட்டைத் தானே எழுதித் தாற லைப்ரரி) கொன்ஸ்ட்ரக்டரை எழுதுதா? அங்கதான் கன பேர் மாட்டுப்படுறது. ஃபீல்டில போட்ட லேசி தன்பாட்டில பராமீட்டருக்குப் போகாது. லொம்பொக் கொன்ஃபிக் கோப்பில (lombok.config) கொப்பியபிள் அனோட்டேஷன்ஸ் (lombok.copyableAnnotations) எண்ட பட்டியலில லேசியைச் சேர்க்கோணும். எனக்கெண்டா கையால எழுதுறதே நிம்மதி.

ஸ்பிரிங் பூட் 2.2 இல இருந்து முழு அப்புக்குமே லேசி வைக்கலாம்தான். அதை வீட்டு புரொஃபைலோட (வீட்டில ஓட்டுறதுக்கான செட்டிங்ஸ் தொகுதியோட) நிப்பாட்டுங்க. புரொடக்ஷனில வச்சா, டிப்ளோய் நேரமே பிடிபடவேண்டிய கொன்ஃபிக் பிழை முதல் கஸ்டமர்ட ரிக்வெஸ்டிலதான் வெடிக்கும்.